நீ செங்கல் கேட்ட ஞாயிற்றுக்கிழமை

மக்கா, சுகமாக இருக்கிறாயா? நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறதா? உன் தொண்டையை அங்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்களா, இல்லை இன்னும் கழுத்தில் அந்த ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டுதான் திரிகிறாயா? கொடுத்திருப்பார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். அப்படியானால் உன் பக்கத்தில் இருக்கிறவர்கள் பாடு கஷ்டம்தான். நீ ஒரு கீர்த்தனையை எடுத்தால் எல்லாச் சரணத்தையும் பாடித் தீர்க்காமல் யாரையும் எழுந்திருக்க விடமாட்டாய்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். உன் மகள் எஸ்தர்தான் எழுதுகிறாள். நான் வாயில் வந்தபடி சொல்கிறேன், அவள் அதை ஒழுங்கான தமிழாக மாற்றிப் போடுகிறாள். "மாமா, நீங்க பேசுதத அப்படியே எழுதினா அப்பாவுக்கே வெளங்காது" என்கிறாள். உன் மகள்தானே, வாய்க்கு என்ன குறைச்சல்.

இன்றைக்கு ஏன் திடீரென்று உன் நினைப்பு வந்தது என்று சொல்கிறேன். நம் ஜெபவீட்டுக்கு முகப்புச் சுவர் கட்டுகிறோம். காலையில் நான் எதிரே வேலியோரம் நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தேன். சாரத்தின் மேல் நின்ற கொத்தன் திரும்பிப் பார்க்காமல் கரண்டிக் காம்பால் சுவரில் இரண்டு தட்டு தட்டினான். டக், டக். அவ்வளவுதான். என் கை சாயா கிளாசைக் கீழே போட்டுவிட்டது, மக்கா. நான் குனிந்து செங்கலைத் தேடுகிறேன். வேலையை விட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. இடுப்பு நிமிர மாட்டேன் என்கிறது. ஆனாலும் இரண்டு தட்டு கேட்டால் செங்கல் கொடுக்க வேண்டும் என்று அந்த இடுப்புக்குத் தெரிந்திருக்கிறது.

இதைப் படிக்கிற வேறு யாருக்காவது விளங்காமல் போகும் என்று எஸ்தர் சொல்கிறாள். சரி, சொல்லிவிடுகிறேன். சாரத்தில் நிற்கிற கொத்தன் சுவரைப் பார்த்துத்தான் நிற்பான். கீழே நிற்கிற என்னைப் போன்ற கையாளுக்கும் சித்தாளுக்கும் கத்திக் கத்திச் சொல்ல முடியாது. அதனால் நம் ஊர்க் கொத்தன்மாருக்குக் கரண்டிதான் வாய். ஒரு தட்டு என்றால் சாந்து. இரண்டு என்றால் செங்கல். மூன்று என்றால் வெள்ளம். தண்ணீரை இங்கே அப்படித்தானே சொல்வோம்.

ஆனால் உனக்குத்தான் தட்டவே பிடிக்காது. மற்றவர்கள் தட்டினால் நீ பாடுவாய். "சாந்து கொண்டா, சாந்து கொண்டா" என்று எந்தக் கீர்த்தனையின் ராகத்திலாவது போட்டு இறக்குவாய். தெருவில் போகிற மலையாளத்துக்காரர்கள் நின்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

நாம் இரண்டு பேரும் களியக்காவிளைக்குத் தெற்கேயிருந்து பஸ் ஏறி இந்தத் திருவனந்தபுரத்துக்கு வந்தபோது மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. காலையில் பழவங்காடி முக்கில் பணியாயுதத்தோடு நிற்போம். யாராவது வந்து கூட்டிக்கொண்டு போனால் அன்றைக்குப் பணி. பிள்ளையார் கோயிலின் முன்னால் தேங்காய் உடைபடும் சத்தம் ஓயாது. நீ அந்தச் சத்தத்துக்குத் தாளம் பிடித்து வாய்க்குள் பாடுவாய். தேங்காய்க் கடைக்காரர் கணபதியா பிள்ளை ஒருநாள் உன்னைக் கூப்பிட்டு, "எடோ வேதக்காரா, எங்க சாமிக்கு உடைக்குத தேங்காயிலயா ஒங்க சாமிக்குப் பாட்டு?" என்று கேட்டார். நீ, "சத்தத்துக்கு ஏது அண்ணாச்சி மதம்?" என்றாய். அதற்குப் பிறகு மழை பெய்தால் நம்மை அவர் கடைக்குள் ஒதுங்க விடுவார். நல்ல மனுஷன். அவர் மகளின் கல்யாணத்துக்கு நாம் போய்ச் சாப்பிட்டோமே, அந்த அடைப்பாயசம்... சரி, அது கிடக்கட்டும். எங்கே விட்டேன்?

உன் பாட்டில்தான் விட்டேன்.

வாய்க்கால் ஓரத்தில் நாம் போட்ட ஜெபவீடு அப்போது வெறும் ஓலைச் சாய்ப்பு, நமக்கு அதுதான் கோயில். நாலு வெட்டுக்கல் தூண், மேலே ஓலை, கீழே பாய். சபையில் பாதிப் பேருக்கு மேல் என்னைப் போல எழுத்து தெரியாதவர்கள். உபதேசியார் வேதம் வாசித்துப் பிரசங்கம் பண்ணுவார். பாட்டு மட்டும் உன் பொறுப்பு. நீ புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு அடியாக முன்னால் சொல்லிக் கொடுப்பாய், நாங்கள் பின்னால் பாடுவோம். நான் எப்போதும் முன்பாயில், உனக்கு நேர் எதிரே உட்காருவேன். உன் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அடி முடிவதற்குள் எனக்கு அடுத்த சொல் தெரிந்துவிடும். மற்றவர்களுக்குப் புத்தகம் கையில் இருந்தது. எனக்கு உன் முகத்தில் இருந்தது.

அந்தத் தொண்டையில்தான் சீக்கு வந்தது.

முதலில் கரகரப்பு. சிமிண்டுத் தூசி என்றாய். பிறகு விழுங்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அந்த வழுக்கைத்தலை டாக்டர் உன்னையும் உன் பெண்டாட்டி ரோசம்மாவையும் என்னையும் நிற்க வைத்துச் சொன்னார்: "சப்தம் போகும். ஜீவன் கிட்டும்." மலையாளம் சரியாகத் தெரியாதவனுக்கும் அது விளங்கும். ரோசம்மா யோசிக்கவே இல்லை. "எனக்கு உயிருதான் வேணும். பாட்ட இனி நான் பாடிக்கிடுதேன்" என்றாள். நீ அவளைப் பார்த்து, அந்த உடைந்த குரலில், "நீ பாடப்போறேன்னா நான் இப்பவே செத்துக்கிடுதேன் பிள்ளே" என்றாய். அவள் அழுதுகொண்டே உன் கையில் அடித்தாள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. உன் குரலில் நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

வெட்டி எடுத்தார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை வைத்து, அதன் வழியாக மூச்சு. வீட்டுக்கு வந்த பிறகு எஸ்தரின் சிலேட்டில் எழுதிக் காட்டிப் பேசினாய். எல்லோரும் வாசித்துப் பதில் சொன்னார்கள். நான்தான் விழித்துக்கொண்டு நின்றேன். சின்ன வயதிலிருந்து உன்னோடு வாய் ஓயாமல் பேசியவன், நீ என் மூக்குக்கு முன்னால் சிலேட்டை நீட்டுகிறாய், எனக்கு அதில் கோடும் வளையமும்தான் தெரிகிறது.

"என்ன எழுதியிருக்காரு?" என்று ரோசம்மாவைக் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல அண்ணே. சாப்பிட்டியளான்னு கேக்காரு."

நீ சிலேட்டை விரலால் குத்தினாய். சரியாக வாசி என்று கண்ணாலேயே அதட்டினாய். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள்: "பாடுகதுக்குத்தானே தொண்டையைத் தந்தான். பின்ன எதுக்கு எடுத்தான்? இனி அந்தக் கோயில்ல எனக்கு என்ன சோலி?"

உபதேசியார் வந்து எத்தனையோ சொன்னார். போதகர் ஐயா ஊரிலிருந்து வந்து ஜெபம் பண்ணினார். நீ சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். குரல் போனதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன், மக்கா. நீ கடவுளோடு கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தியதுதான் எனக்கு நெஞ்சில் பயத்தை வைத்தது. எனக்கு வேதம் வாசிக்கத் தெரியாது. என் விசுவாசம் முழுக்க உன் பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது. நீ கையை விட்டால் நானும் விழுந்துவிடுவேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஜெபவீட்டிலும் அப்படித்தான் ஆனது. உபதேசியாருக்குத் தமிழ் நல்ல தமிழ். ராகம் மட்டும் அவர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. உச்சத்தில் எடுப்பார், யாருக்கும் எட்டாது. இல்லை, பாதாளத்தில் எடுப்பார், யாருக்கும் கேட்காது. ஒரு சரணம் முடிவதற்குள் சபை ஒவ்வொருவராக விட்டுவிடும். என்னைப் பாடச் சொன்னார்கள். எனக்குப் பல்லவி வரும், முதல் சரணம் பாதி வரும், அதற்கு மேல் எதிரே உன் வாய் இல்லாமல் ஒன்றும் வராது. தங்கபாய்தான் வெளிப்படையாகச் சொன்னாள்: "அண்ணாச்சி, இப்ப கோயிலுக்கு வந்தா செத்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு." தங்கபாய் நம்மோடு சித்தாளாக வேலை செய்தவள். தலையில் செங்கலைச் சுமந்துகொண்டே ஏணியில் கையை விட்டு ஏறுவாள். மனதில் பட்டதை அடக்கி வைக்கத் தெரியாது.

நீ முதலில் திரும்பி வந்தது கோயிலுக்கு இல்லை, பணிக்கு. வளைகுடாவுக்குப் போனவர்கள் இங்கே வீடு கட்டத் தொடங்கிய காலம். கொத்தனுக்குத் தட்டுப்பாடு. கழுத்து ஓட்டையில் தூசி போகாமல் ஈரத்துணி கட்டிக்கொண்டு சாரத்தில் ஏறினாய். அதுவரை தட்டப் பிடிக்காதவன் தட்ட ஆரம்பித்தாய். ஒன்று, இரண்டு, மூன்று. தட்டுவதிலேயே கோபம் தெரியும். சாந்து கேட்டாலும் சண்டைக்குக் கூப்பிடுவது போல இருக்கும்.

நாம் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் சொந்தக்காரர் ஒருநாள் வந்து வெகுநேரம் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எந்தா மேஸ்திரி, ஈ ஆளு மிண்டில்லே?" என்று கேட்டார். பேசமாட்டானா என்று அர்த்தம். நம் மேஸ்திரி குடையை ஊன்றிக்கொண்டு, "இவன் மிண்டமாட்டான் சார். இவன் கட்டுத சுவரு மிண்டும்" என்றார். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. முன்பெல்லாம் இதைப் போல ஒரு பேச்சு கிடைத்தால் நீ அதையே பாட்டாக்கி ஒரு வாரம் ஓட்டுவாய்.

அந்த வீட்டில்தான் அது நடந்தது. மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தின்றால் பாட்டு வரும். என்னையறியாமல் ஒரு கீர்த்தனையை முனகினேன். வழக்கம்போல முதல் சரணத்தின் பாதியில் நின்றுவிட்டது. அந்த இரண்டு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நிமிர்ந்தேன். எதிரே நீ. உன் உதடு அசைந்தது. சத்தமில்லை. ஆனால் எனக்கு அடுத்த சொல் தெரிந்துவிட்டது. பாடினேன். மறுபடி உன் உதடு அசைந்தது. மறுபடி பாடினேன். சரணம் முடிந்தது.

அப்போதுதான் நீ என்ன செய்கிறாய் என்று உனக்கே உறைத்தது. சட்டென்று எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் சாரத்தில் ஏறிவிட்டாய். அன்றைக்கு மீதிப் பொழுதெல்லாம் நீ தட்டிய தட்டில் செங்கல் உடையாமல் இருந்ததே அதிசயம்.

அதை நான் ரோசம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது என் காலில் பாரமே இல்லை.

இங்கே எஸ்தர் பேனாவை நிறுத்திவிட்டாள். "மாமா, அப்பாவைக் கோயிலுக்கு இழுத்துக்கிட்டு வந்தது நான்தான், அதையும் சொல்லணும்" என்கிறாள். சொல்கிறேன், சொல்கிறேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் வேத வசனம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அவள், நீ வராவிட்டால் வாயைத் திறக்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். நீ வந்தாய். உள்ளே வரவில்லை. செருப்பு கிடக்கும் இடத்தில், கடைசித் தூணில் சாய்ந்து, வாய்க்காலைப் பார்த்தபடி உட்கார்ந்தாய். அவள் வசனம் சொன்னாள். நீ எழுந்து போய்விடுவாய் என்று நினைத்தேன். அதற்குள் உபதேசியார் பாட்டை எடுத்துவிட்டார்.

அன்றைக்கு எடுத்தது பாதாளம். முதல் சரணத்தில் கிழவிகள் விட்டார்கள். இரண்டாவதில் ஆண்கள் விட்டார்கள். உபதேசியார் மட்டும் தனியாக, மேட்டில் வண்டி இழுக்கும் மாடு மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

டக், டக்.

உன்னால் பொறுக்க முடியவில்லை. நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் இல்லை. கையில் கிடந்த வீட்டுச் சாவியால் வெட்டுக்கல் தூணில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டாய்.

தங்கபாய் எழுந்துவிட்டாள். அவள் மட்டுமில்லை, அவள் பின்னால் இருந்த சித்தாள் பெண்கள் எல்லோரும் பாயைவிட்டு எழுந்துவிட்டார்கள். தங்கபாய் முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு கூட்டித் தலையில் வைத்துக்கொண்டு, திரும்பி உன்னைப் பார்த்து, முழுக்குரலில் கேட்டாள்:

"எத்தனை அண்ணாச்சி? பத்து போதுமா?"

உபதேசியார் புத்தகத்தைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார். தங்கபாய் சுற்றிலும் பார்த்தாள். பாயைப் பார்த்தாள். தலையில் கை வைத்துச் சும்மாட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அய்யோ கர்த்தாவே! இது கோயிலாக்கும்!"

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. நான்தான் என்று ரோசம்மா கடைசிவரை சொன்னாள். எழுந்த பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். உபதேசியார் முகத்தைக் கடுமையாக வைக்கப் பார்த்தார், புத்தகத்தால் முகத்தை மூடினார், புத்தகம் குலுங்கியது. நான் திரும்பி உன்னைப் பார்த்தேன்.

நீ தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய். தோள் குலுங்குகிறது, கண்ணில் வெள்ளம் வழிகிறது, வாயில் சத்தமே இல்லை. கழுத்து ஓட்டையிலிருந்து காற்று மட்டும் சாயாக் கடைப் பாய்லர் மாதிரி உஸ்ஸென்று வருகிறது. சிரிப்பு அழுகையாக மாறி, அழுகை மறுபடி சிரிப்பாக மாறியதை நான் பார்த்தேன். அதை வேறு யாரும் பார்த்தார்களோ என்னவோ.

பிறகு எழுந்து வந்தாய். பாய்களுக்கு நடுவே நடந்து, உபதேசியார் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, என் எதிரே உட்கார்ந்தாய். தரையில் ஒரு தட்டு. உதடு அசைந்தது. நான் அந்த அடியைச் சபைக்குச் சொன்னேன். சபை பாடியது. என் குரல் உனக்குத் தெரியும், காக்காய்க்கு அண்ணன் தம்பி. ஆனால் அன்றைக்குப் பாதியில் ஒருவரும் விடவில்லை. எதிர்க்கரையில் துணி துவைத்தவர்கள் கல்லில் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

அன்றிலிருந்து நமக்கு அது வழக்கமாகிவிட்டது. ஒரு தட்டு என்றால் தொடங்கு. இரண்டு என்றால் அதையே மறுபடி பாடு. ஒவ்வொரு முறை நீ இரண்டு தட்டும்போதும் தங்கபாயின் முதுகு குலுங்கும். உன் சீக்கு போய்விடவில்லை. இருமல், ஓட்டையில் சளி, ஆற்றில் இறங்கிக் குளிக்க முடியாது, மழைக்காலத்தில் பணி இல்லை, வீட்டில் சில நாள் கஞ்சி மட்டும்தான். ஆனால் உன் முகம் வேறு முகமாகிவிட்டது.

இத்தனை கஷ்டத்திலும் எப்படி இப்படி இருக்கிறாய் என்று ஒருமுறை உன்னைக் கேட்டேன். நீ சிலேட்டை எடுத்து எழுதினாய். எஸ்தர் வாசித்தாள்: "முந்தி நான் பாடும்போது என் சத்தம்தான் எனக்குக் கேட்டுது மக்கா. இப்பதான் சபை பாடுதது கேக்குது. இவ்வளவு காலம் இதைக் கேக்காமலே இருந்துட்டேனேன்னு இருக்கு."

நான் அதைப் பிரசங்கமாகக் கேட்கவில்லை. நீ பிரசங்கம் செய்கிறவனும் இல்லை. மறுநாளே சாந்தில் மணல் கூடிப்போனது என்று என் முதுகில் கரண்டியால் போட்டவன்தானே. ஆனால் அந்தச் சொல் என்னோடு இருந்துவிட்டது. கடவுள் உன் தொண்டையை ஏன் எடுத்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்தது போல நடிக்கவும் மாட்டேன். எடுத்த பிறகு உன்னைத் தனியாக விடவில்லை என்பது மட்டும் தெரியும்.

பிறகு அந்தச் சீக்கு திரும்பி வந்தது. அதே பெரிய ஆஸ்பத்திரி, அதே வார்டு. ஒரு மத்தியானம் வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ரோசம்மா கஞ்சி வாங்கப் போயிருந்தாள், எஸ்தர் உன் காலடியில் உட்கார்ந்திருந்தாள். நீ கண்ணை மூடியிருந்தாய். விரலில் மோதிரம் தளர்ந்துபோயிருந்தது. அந்த மோதிரத்தால் இரும்புக் கட்டிலில் மூன்று தட்டினாய். வெள்ளம். உதட்டை நனைத்தேன். கொஞ்சம் கழித்து ஒரு தட்டு.

தொடங்கு.

நான் உன் வாயைப் பார்த்தேன். அது அசையவில்லை. கண்ணும் திறக்கவில்லை. உன் உதடு இல்லாமல் நான் எந்தக் காலத்தில் ஒரு சரணம் முழுசாகப் பாடியிருக்கிறேன்? ஆனாலும் தட்டிவிட்டாய், தொடங்காமல் இருக்க முடியாது. தொடங்கினேன். பல்லவி வந்தது. முதல் சரணம் வந்தது, பாதியைத் தாண்டியது, முடிந்தது. இரண்டாவது வந்தது. கடைசிச் சரணம்வரை வந்தது, மக்கா. எங்கே இருந்தது அதெல்லாம்? பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள். நர்ஸ் வாசலில் வந்து நின்றாள், தடுக்கவில்லை.

முடித்தேன். இரண்டு தட்டு கேட்டது. மெல்ல, ஆனால் தெளிவாக. உன் வாயோரம் சிரிப்பு. தங்கபாயை நினைத்திருப்பாய்.

மறுபடி முதலிலிருந்து பாடினேன். முடித்துவிட்டுக் காத்திருந்தேன். எஸ்தரும் காத்திருந்தாள். மழை மட்டும் பெய்தது.

இப்போது ஜெபவீட்டில் பாட்டை நான்தான் எடுக்கிறேன். எழுத்து தெரியாதவன் பாட்டு சொல்லிக் கொடுக்கிற சபை இந்தத் திருவனந்தபுரத்தில் வேறு இருக்கிறதா என்று தெரியாது. எந்தக் கீர்த்தனையும் எனக்குப் புத்தகமாக வராது, உன் வாயாகத்தான் வரும். எங்கேயாவது தடுக்கினால் எதிரே பார்ப்பேன். நீ உட்கார்ந்த இடத்தில் யாரையும் உட்கார விடுவதில்லை என்று நினைக்காதே, இப்போது அங்கே பிள்ளைகள் உட்காருகிறார்கள். ஆனால் அவர்கள் தலைக்கு மேலே நான் உன்னைப் பார்த்துக்கொள்வேன்.

இன்றைக்கு முகப்புச் சுவர் முடிகிறது. கடைசிச் செங்கல் வைக்கும்போது ஜெபம் பண்ணிப் பாட வேண்டும் என்று உபதேசியார் சொல்லியிருந்தார். அதற்குள் உன்னிடம் சொல்லிவிடலாம் என்றுதான் எஸ்தரைப் பிடித்து உட்கார வைத்தேன். அந்தச் செங்கலை யார் எடுத்துக் கொடுப்பது என்று கேட்டதற்கு, தங்கபாய் நரைத்த தலையில் இப்போதே சும்மாடு கூட்டிக்கொண்டு...

டக், டக். கேட்டதா, மக்கா? சாரத்திலிருந்துதான்.

"அண்ணாச்சி! செங்கலு தலையில இருக்கு, பாட்டு எங்க? கழுத்து நோவுது, வேகம் வாரும்!"

வாறேன், வாறேன். நீ எங்கேயும் போய்விடாதே, எதிரேயே இரு, நான் முதல் அடியை எடுத்ததும் நீ உதட்டை...